பூப்போட்ட உறை

அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையை விட்டு இறங்கி ஸ்டேஷன் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கடைக்காரப் பெண் மேல் தப்பே இல்லை. போன் சார்ஜர் வாங்கப் போனவன் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாக மினுக்கிய கம்ப்யூட்டரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “கிராபிக்ஸ் கார்டோட வேகத்தை ஏத்தலாமாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒரு பட்டன் தட்டுங்க சார், அதுவே ஏத்திக்கும். சூடானா அதுவே எறக்கிக்கும்” என்றாள்.

அதுவே! அந்தச் சொல்தான் குத்தியது.

சூடேறிய தூசிக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருப்பீர்கள். மிக்சியை நிறுத்தாமல் ஓட்டினால் வருமே, அதற்குத் தம்பி முறை. எனக்கு அது ஆவடியில் ஜெரால்டு வீட்டு வாசனை. அவன் அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். பூந்தமல்லியில் பஞ்சர் ஒட்டினேன், நூம்பலில் செங்கல் இறக்கினேன், ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் ஸ்க்ரூ கழற்றியே தொழில் கற்றேன். அந்தக் கடையை மூடியபோது படுக்க இடமில்லை. கல்யாண வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்த ஜெரால்டு, “எங்க ஊட்லயே இரு மச்சான், மெஷினப் பாத்துக்க” என்றான். மெஷின் ஓடும்வரை எனக்குக் கூரை. அவ்வளவுதான் ஏற்பாடு.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு கல்யாணம். பெண், மாப்பிள்ளை பெயர்கள் புறாக்களோடு வீடியோவில் பறந்து வரும் என்று ஒத்துக்கொண்டுவிட்டான். படத்தைத் திரையில் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு அவனிடம் பழசு, அவ்வளவுக்குத் தெம்பில்லை.

“பேரு பறந்துகினு வரணும் மாமே, இது நொண்டிகினு வருது. ஏத்து. ஆனா சேஃப்பா ஏத்து.”

வேகம் ஏற்றுவது என்றால் ஆட்டோவில் ஆக்சிலேட்டரை முறுக்குவது மாதிரி என்று நினைத்திருந்தான். கொஞ்சமாக ஏற்றி, சோதனைப் படம் ஒன்றை ஓட்டி, திரையில் நிறம் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டையும் பார்க்க வேண்டும். தெறிக்கவில்லையா, இன்னும் கொஞ்சம். தெறித்தால் இரண்டு படி இறங்கி அங்கேயே நின்றுவிட வேண்டும். வோல்டேஜ் பக்கம் போகவே கூடாது. பொறுமை எனக்குப் பிறவியில் கிடையாது. அந்த ஒரு வேலையில் மட்டும் எங்கிருந்தோ வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, எதிரே டேபிள் ஃபேன் வைத்தேன்.

ஜெரால்டின் அம்மா ரோசாலி தூத்துக்குடிப் பக்கம். அந்த வீட்டில் டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ் எல்லாமே அவர் தைத்த பூப்போட்ட உறைக்குள்தான் இருக்கும். கம்ப்யூட்டருக்கும் ரோஜா போட்டு ஒன்று தைத்திருந்தார். அதை நான் எடுத்து வைத்ததில் அவருக்கு வருத்தம்.

“என்னல இது, கோழியக் கிழிச்சுக் கொடலப் போட்ட மாதிரி?”

“சூடு வெளிய போகணும்மா.”

“தூசி உள்ள போகுமே?”

கடைசிச் சோதனையை மதியம் ஓடவிட்டுவிட்டு, பெண் வீட்டில் போட்டோக்கள் வாங்க நானும் ஜெரால்டும் போனோம். ஜெரால்டு வீட்டுத் தெருவில் அன்று குழாய் பதிக்கத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஒரே புழுதி. திரும்பி வரும்போது மாடிப்படியிலேயே அந்த வாசனை. உள்ளே பெட்டியின் மேல் ரோஜா உறை. தொட்டேன், இஸ்திரி போட்ட சட்டை மாதிரி சுட்டது. உறையை உருவி மானிட்டரைப் போட்டேன். கோடு கோடாக ஏதோ வந்து, இருண்டுவிட்டது. அந்தக் காலத்துக் கார்டு. தானாக வேகத்தை இறக்கிக்கொள்ளத் தெரியாமல் கருகிவிட்டது.

“இன்னாடா பண்ணி வெச்ச? சேஃப்பான்னுதான சொன்னேன்?”

“ஓடிக்கினு இருக்கும்போது உறை போட்டா எப்டிடா மூச்சு வுடும்?”

“ஏல, கூறு இல்லாதவளா நானு?” என்று ரோசாலி அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். “ஆளில்லாம படம் ஓடுதேன்னு அமத்திட்டுத்தான போட்டேன்! டிவிக்கும் அப்பிடித்தான போடுதேன், அது செத்தா போச்சு?”

அவர் அணைத்தது மானிட்டரை. திரை இருண்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று அர்த்தம் அவருக்கு. கீழே பெட்டி முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டேபிள் ஃபேனையும் மறக்காமல் நிறுத்தியிருந்தார்.

ஜெரால்டுக்கு அது புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. புரிந்ததனால்தான் இன்னும் சத்தம் போட்டான்.

“எங்கம்மாவ இன்னாத்துக்குடா சொல்ற? ஏத்துனது நீ! கெளம்பு!”

ஏற்றியது நான்தான். பையை எடுத்தேன்.

“ஏல, சாப்ட்டுட்டுப் போ” என்றார் ரோசாலி அம்மா. ரோஷத்தோடு கிளம்பினேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மீன்குழம்பு. சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக் இப்போது பூட்டிக் கிடக்கிறது, ஜன்னலுக்குள் செடி முளைத்திருக்கிறது. ஜெரால்டு எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாது. டிவி சுவரில் ஏறிவிட்டது, அதற்கு யாரும் உறை தைப்பதில்லை. கம்ப்யூட்டருக்கோ குடல் தெரியவென்றே கண்ணாடி வைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சூடு பார்த்த என் வேலையும் போய்விட்டது. தப்பு என்னுடையதில்லை என்று இன்றைக்கும் நிரூபிப்பேன், கேட்கத்தான் அந்த வீட்டில் ஆளில்லை.

ஜெரால்டு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று இரவு திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் படுத்தேன். மறுநாள் காலையிலேயே அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லாரி ஷெட்டில் வேலை கிடைத்தது. லோடு ஏற்றிய வண்டிகளுக்குத் தார்ப்பாய் கட்டும் வேலை.

“நல்லா இஸ்து மூடு நைனா” என்றார் மேஸ்திரி. “தூசி பூந்துறப் போவுது.”