மதிலுக்கு அடியில் கேட்ட சத்தம்

பொல்தாவா ஊரில் கிணறு வெட்டவேண்டுமென்றால் விவ்தியாவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். முதலில் அது அவள் புருஷன் யூகிமின் தொழில். அவனுக்கு அகலமான தோள். ஆழம் போகப் போகக் குழிக்குள் திரும்ப முடியாமல் திண்டாடுவான். விவ்தியா ஒல்லி உடம்புக்காரி. கல்யாணமான மறுவருடமே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே இறங்கிவிட்டாள். "பொம்பளை இறங்கின கிணத்துல தண்ணி ஊறுமாக்கும்!" என்று கேலி பேசியவர்கள் எல்லாம் பிறகு அந்தத் தண்ணீரில்தான் பீட்ரூட் சூப் காய்ச்சினார்கள். யூகிம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோதும் அவள் மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது ஸ்வீடன் ராஜாவின் படை ஊரை வளைத்துக்கொண்டது. உள்ளே ரஷ்யச் சிப்பாய்களும் ஊர் ஜனங்களும் ஒன்றாக மதிலைக் காத்தார்கள். ஒரு மாதத்துக்குள் வெடிமருந்து அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. பீரங்கிக்குள் குண்டுக்குப் பதில் பழைய ஆணியும் உடைந்த கல்லும் போயின.

அப்போதுதான் மேற்கு மதிலோரம் வற்றிப்போன கிணற்றைத் தூர்வார விவ்தியா இறங்கினாள். அடிமண்ணை வழித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். தொக்... தொக்... பிறகு மண் சரியும் சத்தம். களிமண்ணில் காதை வைத்தாள். சந்தேகமே இல்லை, யாரோ வெட்டுகிறார்கள், அதுவும் ஊரை நோக்கி.

மேலே ஏறிவந்து, அந்தப் பக்க மதிலைக் காத்த சிப்பாய்த் தலைவன் கொந்திராத்திடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

"எலியா இருக்கும்மா. பசியில அதுவும் குடைய ஆரம்பிச்சிருச்சு."

"எலிக்கு மம்பட்டி ஏது தம்பி? நீயே இறங்கிக் கேளு. தொப்பையை மட்டும் இங்கயே வச்சிட்டு வா, இல்லேன்னா மாட்டிக்குவ."

சுற்றி நின்ற சிப்பாய்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் கொந்திராத் இறங்கினான். ஏறி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

கிணற்றின் அடியிலிருந்து, சத்தம் வந்த பக்கமாக, குடைய ஆரம்பித்தார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தாழ்வு என்று முன்னால் போய் வழிசொன்னது விவ்தியாதான். மூன்றாம் நாள் எதிர்ப்பக்கத்துச் சத்தம் நின்றது.

"வெட்டி முடிச்சிட்டாங்க. இனி மதிலுக்கு அடியில மருந்தை வச்சுத் திரியைக் கொளுத்துறதுதான் பாக்கி. சீக்கிரம்!" என்றாள் விவ்தியா.

கடைசி மண்ணை அவள் விரலாலேயே பிராண்டி எடுத்தாள். உள்ளே ஆளில்லை. இருட்டில் கையை நீட்டினால் பீப்பாய். பக்கத்தில் இன்னொன்று. ஒன்பது பீப்பாய் வெடிமருந்து கைமாறிக் கைமாறிக் கிணற்றின் வழியாக மேலே போயிற்று.

அன்று பிற்பகல் ஸ்வீடன்காரர்கள் வரிசைகட்டி நின்றார்கள், மதில் பறந்ததும் உள்ளே பாய. திரி புகைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மதில்மேல் நின்றவர்கள் ஸ்வீடன்காரர்களின் மருந்தையே பீரங்கியில் இட்டு அவர்களை வரவேற்றார்கள்.

"நான் எலின்னேன். உங்க கால்ல விழணும்மா," என்றான் கொந்திராத்.

"அப்புறம் விழு. இப்ப சுடு."

ஊர் விழவில்லை. ஜூன் கடைசியில் ரஷ்ய ராஜாவான ஜாரின் பெரும்படை ஆற்றைக் கடந்து வந்தது. ஒரு நாள் விடியலில் வெளியில் மூண்ட போர் நண்பகலுக்குள் முடிந்தது. ஸ்வீடன் படை சிதறி ஓடியது. மதில்மேல் நின்ற விவ்தியா அழுதாள். அதை மறைக்கவும் இல்லை.

பிறகு முற்றுகையில் தோண்டிய பள்ளங்களை மூட ஸ்வீடன் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் தாடிக்காரச் சுரங்கத் தொழிலாளி ஒருவன், மொழிபெயர்த்துச் சொல்பவன் மூலமாகக் கேட்டான்: "எங்க சுரங்கத்தைக் கண்டுபிடிச்ச அந்த எஞ்சினியர் யாருங்க?"

"எஞ்சினியர் எல்லாம் இல்லப்பா. நான்தான்."

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். நகத்தில் ஏறியிருந்த களிமண் இன்னும் போகவில்லை. மெல்லத் தொப்பியைக் கழற்றினான்.

"கிணறு வெட்டுறவளா?"

"இருபத்தஞ்சு வருஷமா. உன் வேலை சுத்தம். ஆனா மேல்மண்ணைத் தாங்க நட்ட கடைசி முட்டுக் கட்டை சரியில்ல, சாஞ்சு நின்னுது."

அவன் முகம் சிவந்தது. "அவசரத்துல வச்சது அம்மா," என்றான்.

"தெரிஞ்சுது," என்றாள் விவ்தியா, தலை நிமிர்ந்து.