ஃபமிலியாரிஸ் என்று ஒருவர்

சித்தப்பாவை நினைத்தால், தண்ணீர் வழியும் ஒரு மூக்குக் கண்ணாடிதான் முதலில் எனக்குத் தெரியும். ஈஸ்டர் கழிந்த வாரத்தில் பங்குச் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் வரிசையாக முழங்காலில் நிற்போம். சித்தப்பா மட்டும் கொல்லைக் கதவை ஒட்டி நிற்பார், யாராவது ஏதாவது கேட்டால் அப்படியே நழுவிவிடலாம் என்பதுபோல. ஒரு வருஷம் மாற்றலாகி வந்திருந்த வயதான சாமியார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அங்க நிக்கிறது யாரு, உங்க தம்பியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "ஃபமிலியாரிஸ், சாமி" என்றார். லத்தீனில் பூசை வைத்துப் பழகிய தலைமுறைச் சாமியார் அவர். வாய்விட்டுச் சிரித்தார். நேராகக் கொல்லைக் கதவுக்கே போய்ச் சித்தப்பாவின் தலையில் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். கண்ணாடியில் நீர் வழிய, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சித்தப்பா நின்றார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்புடின்னா என்னாவாம்?" என்று என் காதோடு கேட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

சித்தப்பா என்று கூப்பிட்டோமே தவிர, அவர் அப்பாவின் உடன்பிறந்த தம்பி இல்லை. ஒன்றுவிட்டதும் இல்லை, இரண்டு விட்டதும் இல்லை. இரண்டு பேரும் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்தில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள், அவ்வளவுதான் உறவு. பெரியப்பா கைக்குழந்தையோடு மனைவியை விட்டுவிட்டு அகாலமாய்ப் போய்ச்சேர, நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் தாத்தா அப்பாவைக் குருமடத்திலிருந்து திரும்பக் கூட்டிவந்து, கையோடு கல்யாணமும் செய்துவைத்துவிட்டார். சாமியாராக வேண்டியவர் சம்சாரி ஆனார். கொஞ்ச நாளில் நண்பரும் அங்கியைக் கழற்றிவிட்டார். ஏன் என்று அவர் சொன்னதும் இல்லை, அப்பா கேட்டதும் இல்லை. முத்துப்பேட்டைப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம், தாய் தகப்பன் கிடையாது. பாபநாசத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் கிராமத்துக்கு நடந்தே வந்திருக்கிறார். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். "பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாராம். அறுப்பு முடியட்டும் என்றாராம் அப்பா. அறுப்பு முடிந்ததும் தாளடி நடவு வந்துவிட்டது. அப்புறம் உளுந்து தெளிக்க வேண்டியிருந்தது. போகிறேன் என்று அவர் சொல்லும்போதெல்லாம் வயலில் ஏதாவது ஒரு வேலை வந்து வழியை மறித்தது. நாங்கள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொண்டு போனபிறகும் அவர் அங்கேயேதான் இருந்தார்.

வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுகிற நாட்களில் மடைக்குக் காவல் அவர்தான். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்கு ஓடியதும் அவர்தான். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் மட்டும் அவர் வேறு ஆள். அப்பா ஈசிசேரில், சித்தப்பா எதிரே மரப்பெஞ்சில். அம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். உடனே இரண்டு பேரும் லத்தீனுக்கு மாறிவிடுவார்கள். யாரைத் திட்டினார்களோ, எதற்குச் சிரித்தார்களோ, அந்த ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். எனக்கும் அண்ணனுக்கும் அது விளையாட்டாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை. அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். "என் வீட்டுல என்னாத்தப் பேசுறாங்கன்னு எனக்கே தெரியாது. நல்லாருக்குடி கதை" என்பாள். சித்தப்பாவிடம் அவள் நேரே பேசியதே கிடையாது. புருஷனின் சிநேகிதர் என்கிற மரியாதை. "அவுங்கள சாப்புட வரச்சொல்லு" என்று எங்கள் மூலமாகத்தான் எல்லாம். அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், அந்த இருவருக்கும் நடுவில் எப்போதும் எங்களில் ஒருவர் தூது நிற்க வேண்டியிருந்தது.

தஞ்சாவூர் டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபிறகு, ஒரு விடுமுறையில் அப்பாவின் லத்தீன் அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடினேன். பூச்சி அரித்த புத்தகம், புரட்டினாலே தும்மல் வரும். ஒரு சின்னச் சொல்லுக்கு அத்தனை அர்த்தம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரோமாபுரிக்காரர்களுக்குக் குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டுமில்லை. ஒரு தலைவனின் கைக்குள் இருந்த எல்லோரும் குடும்பம், விலைக்கு வாங்கிய அடிமை உட்பட. ஆகவே வீட்டு அடிமையும் ஃபமிலியாரிஸ். கேட்காமல் உள்ளே வந்து உட்காருகிற, சாதாரண நண்பனைவிட நெருங்கிய நண்பனும் ஃபமிலியாரிஸ். வீட்டுச் சொத்துக்கும் இதே சொல்தான். அடுப்பங்கரையில் குடியிருந்து வீட்டைக் காக்கும் தெய்வத்துக்கும் இதே பெயர். வேளாவேளைக்கு அதற்கும் சாப்பாடு வைப்பார்களாம். பிற்காலத்தில் மந்திரக்காரிகளின் ஏவலுக்குக் காத்திருக்கும் ஆவியையும் இதே சொல்லால் குறித்திருக்கிறார்கள். புத்தகத்தை மூடினேன். கூலி வாங்காமல் உழைத்தார், கூப்பிடாமல் வந்தார், வீட்டைக் காத்தார். இதில் அப்பா எதைச் சொன்னார்? அன்றைக்கு ஒரு சாமியாருக்குப் பதில் சொல்லத் திணறியபோது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கிடையில் விழுந்த சமயத்தில், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் ஒருநாள் சொன்னார். லத்தீனில் இல்லை, எல்லோருக்கும் புரிகிற தமிழில்தான். "கல்லறையில என் பக்கத்துலதான் உனக்கு எடம். யாரு என்ன சொன்னாலும் போயிராத." சித்தப்பா பொங்கி அழுதுவிட்டார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். எங்கள் குடும்பக் கல்லறையில் அப்பா படுக்கப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் மிச்சம் இருந்தது. அது அம்மாவுக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் அந்த நேரத்தில் எப்படித்தான் மறந்துபோனதோ! அவள் கஞ்சியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்பா போனபிறகு வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்தில் சித்தப்பா வழக்கம்போல மரப்பெஞ்சில் வந்து உட்காருவார். எதிரே காலி ஈசிசேர். அதைப் பார்த்து லத்தீனில் ஏதோ சொல்வார். கொஞ்சம் நிறுத்துவார், பதில் சொல்ல நேரம் கொடுப்பவர் மாதிரி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தொடர்வார். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடவும் பயமாக இருந்தது அம்மா செய்தது. அவள் அப்போதும் இரண்டு டம்ளர் காபிதான் கொண்டுவந்து வைத்தாள். ஒன்று ஆறி ஆடை கட்டும். அதை எடுத்துக் கொல்லையில் ஊற்றிவிட்டு, மறுநாளும் இரண்டு வைப்பாள். வலங்கைமானில் என் புகுந்த வீட்டுக்குக் கிளம்பிய ஒருநாள் சித்தப்பா என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். ஏறும்போது, "எனக்கு அங்க எடம் இருக்கும்ல பாப்பா?" என்றார். அவர் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான். "இருக்கும் சித்தப்பா, நான் பாத்துக்குறேன்" என்று பெரிய இவளாட்டம் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்தப்பா ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். அவரைச் சுற்றி நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மகன்தான் முன்னால் நின்றார். "குடும்பக் கல்லறையத் தொறக்கணும்னா பங்காளிங்க சம்மதிக்கணும். இவுரு எந்த ஊரு, என்னா ஆளுங்கன்னு யாருக்குத் தெரியும்? எங்கப்பாவும் அங்கதான் படுத்திருக்காரு" என்றார். கனடாவிலிருந்து அண்ணன் போனில், "பிரச்சன வேணாம்டி, பொதுவுல நல்ல எடமாப் பாத்துக் கட்டிரலாம்" என்றான். இளவயதுப் பங்குச் சாமியார், "குடும்பத்துல ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க, குழி வெட்டச் சொல்லணும்" என்று கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பா வாயால சொன்னது. உங்க நெலத்துக்கும் சேத்துத்தானே அவுரு தண்ணி பாய்ச்சினாரு?" என்று கத்தினேன். பெரியப்பா மகன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ பேசாத. நீ கட்டிக்குடுத்த பொண்ணு. ஒன் கல்லறை வலங்கைமான்ல ஒன் மாமனார் வீட்டோட. இங்க இருக்கிறது ஒரு எடம், அது சின்னம்மாவுக்கு. அவ்வளவுதான்."

அப்போதுதான் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். "எனக்குன்னு வச்ச எடந்தானே? அத அவுங்களுக்குக் குடுத்துருங்க" என்றாள். "அப்ப நீங்க எங்க போவீங்க சின்னம்மா?" என்றார் பெரியப்பா மகன், குரல் இறங்கி. "எங்கயாச்சும் போடுங்க. மண்ணுதானே எல்லாம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளே அவள் இடத்தைக் கொடுத்தபிறகு யார் என்ன சொல்ல முடியும்? நான் பின்னாலேயே ஓடி, "ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று அழுதேன். பால் பொங்கி வந்தது. அதை இறக்கிவைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்கையில நான் என்னைக்குடி கூட ஒக்காந்தேன்? இப்ப மட்டும் நடுவுல போயி படுக்கச் சொல்றியா?" சித்தப்பாவை அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது. நிம்மதி மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். என்னோடு வா என்று எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. ஒரு ஐப்பசி மாதத்தில் நான் போயிருந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டு, வயலில் தவளைச் சத்தம். அம்மா இரண்டு டம்ளர் காபியைக் கொண்டுபோய் ஈசிசேர் பக்கத்திலும் மரப்பெஞ்சிலும் வைத்துவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். "என்னம்மா இது, ரெண்டு பேருமே இல்லியே?" என்றேன். "சும்மாரு. பேசிக்கிட்டிருக்காங்க" என்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தவளைகள் ஒரு நொடி ஓய்ந்த இடைவெளியில் எனக்கும் ஏதோ முணுமுணுப்புக் கேட்டதுபோல இருந்தது. "என்னாம்மா பேசுறாங்க?" என்றேன் மெதுவாக. "எனக்கென்னா தெரியும்? என்னைக்குப் புரிஞ்சுது, இன்னைக்குப் புரிய?" என்றாள். பொறுக்கமாட்டாமல், என்றோ அவள் கேட்ட அந்தச் சொல்லின் அர்த்தத்தை அப்போது சொன்னேன். அடிமை, சொத்து, சிநேகிதன், வீட்டைக் காக்கிற சாமி என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "இதுல பொண்டாட்டி எங்க வாரா?" என்றாள்.

அம்மாவும் போய்விட்டாள். கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், வாய்க்காலை ஒட்டிய சுற்றுச்சுவர் ஓரத்தில் தனியாகக் கிடக்கிறாள். இரு பக்கமும் வெறும் புல். அந்த வீட்டையும் அண்ணன் சொல்லி விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் எதையாவது கேட்கிறார்களா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை. போன கல்லறைத் திருநாளன்று விடாத தூறல். மற்றவர்கள் கல்லறைக்கெல்லாம் வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, கூட்டமாக நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அப்பா, சித்தப்பா பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவில்லை. அவர்கள்மேல் கோபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தேன். கல்லறைகளை மந்திரித்துக்கொண்டே வந்த பங்குச் சாமியார் என்னைப் பார்த்து நின்றார்.

"ஃபாதர், இந்தப் பக்கத்துல எனக்கு ஒரு எடம் வேணும். இப்பவே சொல்லி வச்சுர்றேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "வலங்கைமான்ல உங்க வீட்டுக் கல்லறை இருக்கேம்மா? வீட்டுக்காரரு என்ன சொல்வாரு?"

"அவுருக்கு அங்க அப்பா, அம்மா, அண்ணன் தம்பின்னு பேச ஆளு இருக்கு ஃபாதர். எங்கம்மாவுக்குத்தான் யாரும் இல்ல."