ஆடுவதற்குக் கொடுத்த சோறு

எங்கள் தோட்டத்துப் பந்துக் குழு அந்த ஆண்டு ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. மற்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். என்னால் முடியாது, அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான்.

மலாயாவில், பீடோங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் என் வேலை. மருந்து இல்லாத நாட்களில் வந்தவர்களைத் திட்டி அனுப்புவதும் என் வேலைதான். ஜப்பான்காரன் வந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் ஒரு ஜப்பானிய மானேஜர் குடியேறியிருந்தார். அவருக்குப் பந்து விளையாட்டில் அப்படியொரு பித்து. பட்டணத்துப் பள்ளியில் படித்தபோது நான் பந்து ஆடியவன் என்று எந்தப் புண்ணியவானோ அவர் காதில் போட்டுவிட்டான். மறுநாள் நான் பயிற்சியாளன். மாட்டேன் என்று சொல்லிப் பார்க்கிற காலமா அது?

ஆட்டக்காரர்களுக்குக் கூலி உண்டு. ஆட்ட நாளன்று மதியம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஆளுக்கு ஒரு தட்டு அரிசிச் சோறு, ஒரு துண்டு கருவாடு. லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எல்லோரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடந்த நேரம். அந்தச் சோற்றின் வாசனைக்கே தாழ்வாரத்துக்கு வெளியே ஆள் நிற்கும். ஆனால் உண்மையான கூலி சோறு இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஏறிப் போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்திருக்கவில்லை. மானேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்து, தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னார்: “மாயின் போலா, தாக் பிகி சியாம்.” பந்து ஆடினால் சயாமுக்குப் போக வேண்டாம். வாரா வாரம் குழுவிலிருக்கும் பதினோரு பேரின் பெயரையும் எழுதி நான் ஆபீசில் கொடுப்பேன். சயாமுக்கு ஆள் குறிக்கும் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி, அந்தப் பெயர்களைத் தொடமாட்டார்.

அப்படிப்பட்ட குழு உயிரைக் கொடுத்து ஆடும் என்றுதான் நானும் நினைத்தேன். தோற்றது. அடுத்த வாரமும் தோற்றது. திடல் சரியில்லை, சேறு என்றேன். பந்து சரியில்லை என்றேன். அது ஓரளவு உண்மை. கிழிந்த இடத்தில் எல்லாம் ரப்பர் பாலை ஊற்றி ஒட்டி ஒட்டி, பந்து ஒரு பக்கம் கனத்துப்போய், நேராக உதைத்தால் கோணலாகப் போயிற்று. ஆனால் எதிர்க் குழுவும் அதே பந்தைத்தான் உதைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கடைசியில் ஆட்டக்காரர்கள்மேல் பாய்ந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, மத்தியானம் கிழங்குக் காட்டில் மண் கொத்திவிட்டு வந்தவர்களைச் சாயங்காலம் லயத்தைச் சுற்றி ஓடவிட்டேன். மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்து, “ஒங்கப்பன் ஊட்டுக் கல்யாணத்துக்கா வந்திருக்க?” என்று கத்தினேன். இதைத்தான் நான் பயிற்சி என்று நினைத்திருந்தேன்.

எங்கள் சென்டர் ஃபார்வர்ட், கோல் அடிக்க வேண்டியவன், இருபத்தைந்து வயதுப் பால்மரக்காரன். பந்து காலில் பட்டால் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் முதல் பாதியோடு சரி. இரண்டாம் பாதியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பான். பந்து அவன் பக்கத்தில் உருண்டு போகும், பார்த்துக்கொண்டிருப்பான். சோம்பேறித்தனம் என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

பக்கத்துச் செமிலிங்கில் நடந்த ஆட்டத்துக்கு மானேஜரே வந்திருந்தார். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிவிட்டோம். எல்லோர் முன்னாலும் மானேஜர் என்னைப் பார்த்து என்னவோ கத்தினார். பாஷை புரியவில்லை, மானம் போனது மட்டும் புரிந்தது. அந்தக் கொதிப்போடு சென்டர் ஃபார்வர்டைத் தேடிப் போனேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் கழற்றி வைத்திருந்த சட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சட்டைக்குள் வாழையிலைப் பொட்டலம் ஒன்று தெரிந்தது. பிரித்துப் பார்த்தேன். மதியம் கொடுத்த சோறு, ஒரு பருக்கை குறையாமல். கருவாடும் அப்படியே இருந்தது.

“இது ஆடுறதுக்குக் குடுத்த சோறு,” என்றேன். “இங்கயே, என் கண்ணு முன்னால தின்னு.”

“வேணாங்கய்யா. ஊட்ல போயி தின்னுக்கிறேன்.”

“தின்னலன்னா அடுத்த வாரம் டீம்ல கெடையாது.”

மற்ற பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் என்னவோ சொல்வேன் என்று காத்திருந்தவன் போல இருந்தது. பிறகு பொட்டலத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.

அடுத்த வாரப் பட்டியலில் அவன் பெயரை விட்டுவிட்டேன். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும், ரோஷம் வரும் என்பது என் கணக்கு. சயாம் லாரி அப்போதுதான் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இவ்வளவு சீக்கிரம் மறுபடி வராது என்றும் நினைத்துக்கொண்டேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

மூன்றாம் நாள் காலைப் பெரட்டுக்கு, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் நேரத்துக்கே, லாரி வந்துவிட்டது. நான் ஒரு கிழவரின் கால் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு ஆபீசுக்கு ஓடினேன். அவனையும் ஏற்றிக்கொண்டு லாரி போய்விட்டிருந்தது. “ஒங்க லிஸ்ட்ல அவன் பேரு இல்லையே, டிரசர்,” என்றார் கிராணி. பங்களாவுக்குப் போய் மானேஜரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நல்ல ஆட்டக்காரன், திருப்பிக் கூட்டி வாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: அவன் இதுவரை எத்தனை கோல் போட்டிருக்கிறான்? ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன்.

அந்த வாரத்து ஆட்டத்தன்று ஆட்டக்காரர்கள் நேரத்துக்கு முன்பே தாழ்வாரத்துக்கு வந்துவிட்டார்கள். நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார்கள். வேகவேகமாகச் சாப்பிட்டார்கள். முடித்ததும் ஒவ்வொருவனாக வந்து காலித் தட்டை என்னிடம் காட்டிவிட்டுப் போனான். நான் காட்டச் சொல்லவில்லை. நேற்றுவரை டிரசரய்யா, டிரசரய்யா என்று கேலி பேசிக்கொண்டிருந்தவர்கள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, மருந்து அறைக்குள் போய் நின்றுகொண்டேன். அன்றும் தோற்றோம்.

இரண்டு நாள் கழித்து, காய்ச்சல் கண்ட கைக்குழந்தையோடு ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். குழந்தைக்கு ஒரு மாதம் இருக்கும். தாய்ப்பால் போதுமா என்று கேட்டேன்.

“அந்தச் சோறு வர்ற வரைக்கும் இருந்துச்சுங்கய்யா,” என்றாள்.

எந்தச் சோறு என்று கேட்டேன். அப்போதுதான் அவள் யார் என்றே எனக்குத் தெரிந்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டின் மனைவி.

“புள்ள பொறந்த மூணாம் நாளு நீங்க வந்து பாத்தீங்களே. பச்ச ஒடம்பு, கெழங்கு தொடக்கூடாது, அரிசிச் சோறுதான் பத்தியம்னு சொல்லிட்டுப் போனீங்க. டிரசரய்யாவே சொல்லிட்டாருன்னு அவரு வாரா வாரம் கொண்டாந்து குடுத்தாரு.”

பிள்ளை பெற்ற எல்லோருக்கும் நான் சொல்வதுதான். லயத்தில் அரிசியே இல்லாத காலத்திலும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டு அறையில் துணி போர்த்திப் படுத்திருந்த ஒருத்தியிடம் சொல்லிவிட்டு, அடுத்த லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பேன். செமிலிங்கில் அவன் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தானே, எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருக்கிறான். பத்துப் பேர் முன்னால் பெண்டாட்டியின் பத்தியத்தை எப்படிப் பேசுவான்?

குழந்தைக்கு இருந்த மருந்தைக் கொடுத்தேன். டிரசர் என்பதால் எனக்குக் கிடைத்த பங்கு அரிசியில் ஒரு சுண்டு அளந்து அவள் முந்தானையில் கொட்டினேன். முகத்தில் விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அதை முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

படி இறங்கப் போனவள் நின்றாள். “எங்கூட்டுக்காரரு பந்து நல்லா ஆடுவாருங்களா? நான் ஒரு நாளும் பாத்ததில்லை.”

“நம்ம டீம்லயே அவன்தாம்மா நல்லா ஆடுறவன்,” என்றேன்.

“அப்புறம் ஏங்கய்யா அவரு பேர எடுத்துட்டீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொடுத்த சோற்றை அவன் சாப்பிடவில்லை என்பதுதான் பதில். அந்தச் சோற்றைச் சாப்பிட்டவளிடம் அதை நான் எந்த வாயால் சொல்வது?