எங்கள் வீட்டுக்கு வழி சொன்ன மைக்

பாஸ்டர், அவனுக்கு எங்கள் வீட்டைக் காட்டிக் கொடுத்தது நீங்கள்தான்.

நான் காட்டவில்லை. அந்த டேட்டிங் ஆப்பில் நான் போட்டிருந்தது என் பெயரே இல்லை. படம் என்னுடையதுதான், ஆனால் வேறெங்கும் போடாத படம். சிறுசேரியில் வேலை என்று சொல்லவில்லை. கீழ்க்கட்டளை என்று சொல்லவில்லை; எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று மட்டும் ஆப்பே காட்டும். போன் நம்பர் கொடுக்கவில்லை. பார்ப்பதென்றால் பகலில், கூட்டமுள்ள இடத்தில், தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் என்று வைத்திருந்தேன். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. நான் வேலைக்குப் போனால் அம்மா தனியாக இருப்பாள். அதனால்தான் இவ்வளவு கவனம்.

படப்பை பக்கம் என்று சொன்ன அவன் முதலில் நன்றாகத்தான் பேசினான். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமா என்றான். அன்றைக்கு என் பிறந்தநாள், சர்ச்சில் அம்மாவோடு முன்னால் போய் நிற்க வேண்டும், முடியாது என்றேன். நம்பர் கேட்டான். தர மாட்டேன் என்றேன். "ரொம்பத்தான் சீன் போடுற. நீ யாருன்னு கண்டுபிடிக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்று எழுதினான். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அவனை பிளாக் செய்தேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு உங்களுக்கு மறந்திருக்காது. பிறந்தநாள்காரர்களை முன்னால் அழைத்தீர்கள். யூடியூப் லைவுக்கான கேமரா எங்களுக்கு நேராக இருந்தது. நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்:

"நம்ம கீழ்க்கட்டளை சிஸ்டரும் மகளும். அப்பா இல்லாத பிள்ளை. சிறுசேரியில நல்ல வேலை. இன்னும் வரன் அமையல, எல்லாரும் பாரமா ஜெபிச்சுக்குங்க. வர்ற வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் இவங்க வீட்லதான். தண்ணி டேங்க் தாண்டி ரெண்டாவது சந்து, பச்சை கேட். யார் வேணும்னாலும் வரலாம்."

யார் வேண்டுமானாலும். அவன் வந்தான்.

வெள்ளிக்கிழமை நான் வேலையிலிருந்து வந்தபோது வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. டிவிக்குப் பக்கத்தில், அம்மா துவைத்த துணியை மடித்து வைக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில், அவன் உட்கார்ந்திருந்தான். ஆப்பில் பார்த்த அதே முகம். மடியில் புது பைபிள். அட்டையில் ஒட்டியிருந்த விலையைக்கூட அவன் கிழிக்கவில்லை.

"ஏன்டி நிக்கிற, உக்காரு" என்றாள் அம்மா. உட்கார்ந்தேன். கத்த வேண்டும் என்று நினைத்தேன். பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்றீர்கள். எல்லோரும் மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. அவனும் மூடவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு நிதானமாக வீட்டைப் பார்த்தான். படுக்கையறை. அப்பா படம். சமையலறை வழியாகத் தெரியும் பின்கதவு. மறுபடி என்னை. நீங்கள் எனக்கு நல்ல வரன் கேட்டு நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தீர்கள். வீடு நிறைய ஆட்கள், ஆனால் அவனும் நானும் மட்டும் இருப்பதுபோல் இருந்தது. நீங்கள் ஆமென் சொல்லவே மாட்டீர்களோ என்று பயந்தேன்.

ஜெபம் முடிந்து அம்மா கேசரி கொடுத்தாள். "தம்பி எந்த ஊரு? சபையில பாத்ததில்லையே."

"படப்பை ஆன்ட்டி. இந்தப் பக்கத்து சர்ச் லைவ் ஒன்னு விடாம பாத்துகினு வந்தேன். பாஸ்டர்தான் வழி சூப்பரா சொன்னாரு. மேப்பே தேவைப்படல."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். "பாத்தீங்களா, லைவ் மூலமா ஒரு ஆத்துமாவ ஆண்டவர் கொண்டு வந்திருக்காரு" என்றீர்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்ட வரன் வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டாள். அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேசரி வைத்தாள்.

அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "வெளியே போடா."

"இன்னா சிஸ்டர், ஜெபத்துக்கு வந்தவனைப் போய் தொரத்துறீங்க?"

"நீ ஜெபத்துக்கு வரல. என்னைத் தேடி வந்திருக்க. போலீசுக்குப் போன் பண்றேன்."

போனை எடுத்ததும் எழுந்தான். நீங்கள், "என்னம்மா இது, வந்தவங்கள இப்படியா பேசுறது" என்று என்னைத்தான் கேட்டீர்கள். கேட் வரை அவன் பின்னாலேயே போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஆன்ட்டி பகல்ல தனியாத்தான் இருப்பாங்க போல கீது. பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா போடச் சொல்லு."

மறுநாள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட்டையும் கொடுத்தேன். அங்கிருந்த பெண் எஸ்.ஐ., "முதல்ல அந்த வீடியோவ யூடியூப்ல இருந்து எடுக்கச் சொல்லும்மா" என்றார். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தேன். உங்கள் பதில் என்ன? "அதுல நல்ல பிரசங்கம் இருக்கும்மா, எப்படி எடுக்கிறது? நீ எதுக்கு அந்த மாதிரி ஆப்புக்கெல்லாம் போற? சர்ச்சுக்குப் போறேன்னு அவன்கிட்ட சொன்னது நீதானே?"

ஆமாம், சர்ச்சுக்குப் போகிறேன் என்று நான் சொன்னேன். எந்தச் சந்து, என்ன நிறக் கேட் என்று நீங்கள் சொன்னீர்கள்.

இப்போது அம்மா பின்பக்கம் துணி காயப்போடுவதில்லை. பெல் அடித்தால் எனக்குப் போன் செய்கிறாள். "யாரோ நிக்கிறாங்கடி." "திறக்காத. ஜன்னல் வழியா பாரு." அவள் நடந்து போகும் சத்தத்தை நான் சிறுசேரியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "சிலிண்டர்காரர்தான்" என்று அவள் சொன்ன பிறகுதான் போனை வைப்பேன். அவன் இன்னும் பிடிபடவில்லை. வீடியோவும் அப்படியே இருக்கிறது. அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் பார்ப்பான்.

என்னைத் தனியாக உங்கள் அறைக்குக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், பாஸ்டர். நான் வர மாட்டேன். வரும் ஞாயிறு, அதே மைக்கில், அதே கேமரா முன்னால், சபையில் எல்லோரும் கண்ணைத் திறந்திருக்கும்போது பதில் சொல்லுங்கள்: எங்கள் வீட்டுக்கு வழி சொல்லும் அந்த வீடியோவை இன்னும் ஏன் எடுக்கவில்லை?