குரல் மட்டும் காணாமல் போன பாட்டு

அடுத்த வாரம் நடக்கும் தன் நலங்கில் விருந்தாளிகள் பாடட்டும் என்று மகள் ஒரு கரோக்கி மெஷின் வாங்கி வந்தாள். ஒரு பட்டனை அழுத்தினாள். ஓடிக்கொண்டிருந்த பாட்டில் குரல் மட்டும் மறைந்தது, இசை நிற்கவில்லை. நான் துள்ளி எழுந்துவிட்டேன். எங்கள் ஊர் குருவிநத்தத்தில், சித்தியின் நலங்கில் இதேதான் நடந்தது!

எண்பதுகளின் தொடக்கம். மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோ செட் பந்தலை அதிரவைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று பாடகியின் குரலைக் காணோம். வயலினும் புல்லாங்குழலும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"இன்னாபா, பாட்ட எலி தின்னுடுச்சா?" என்று யாரோ கத்த, மாமா வியர்த்துப்போய் செட்டைத் தட்டினார்.

மணையில் தலைகுனிந்திருந்த சித்திக்குப் பொறுக்கவில்லை. விட்ட வரியிலிருந்து அவளே எடுத்துப் பாடினாள். மணப்பெண் பாடுவதா! பந்தல் மொத்தமும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தது.

அதற்குள் மாமா கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவான ஒயர் கழன்றிருந்தது. அது கழன்றால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் மாறும் இசை தங்கிவிடும். இந்த மெஷினின் பட்டன் செய்வதும் அதையேதான்.

மாமா ஒயரைச் சொருகப் போனார்.

"ஒயர தொடாதபா," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எம் மருமொவ பாடட்டும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த நலங்கு நடந்தாலும், மாமா முதலில் அந்த ஒயரைத்தான் பிடுங்குவார். என் நலங்கிலும் பிடுங்கினார்.

மைக்கை மகளின் கையில் திணித்தேன்.

"விருந்தாளிங்க அப்புறம். எங்க வூட்ல மொதல்ல பொண்ணுதான்டி பாடணும்!"