பதினோரு ஜோடிச் செருப்பும் என் முதல் எஸ்டிமேட் தப்பும்

டீலக்ஸ் அறை வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடந்தது. அதில் பாதி ஏற்றுமதியாகி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியது. தையல் கோணலானதால் ஆம்பூரிலேயே தங்கிவிட்டது. உள்ளே நோயாளி ஒருவர்தான். அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது: ஆஸ்பத்திரிச் செலவைக் கணக்கிட, டாக்டரைக் கேட்பதற்கு முன் செருப்பை எண்ண வேண்டும்.

வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் கவுண்டரில் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பி.காம். படித்த திமிரோடு வந்தவள் நான். முதல் நாளே பில்லிங் மேனேஜர் தொழில் ரகசியம் சொல்லிக்கொடுத்தார்: "எஸ்டிமேட்ல 'தோராயமாக'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாரு, அதுதாம்மா நமக்குச் சோறு போடுது." அந்த வார்த்தைக்குத் தனி ரப்பர் ஸ்டாம்ப்பே உண்டு.

நசீர் பாய் அன்று காலை வந்தார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சூப்பர்வைசர். மனைவி சபியாவுக்குப் பித்தப்பையில் கல், மறுநாள் ஆபரேஷன். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது. கையில் பதினைந்தாயிரம். "அதுக்கு மேல போனா பையன் காலேஜ் ஃபீஸ்லதாம்மா கை வைக்கணும். பேஜாராயிடும்."

எந்த ரூம் என்று கேட்டேன்.

"டீலக்ஸ் போடும்மா. ஷேரிங்ல போட்டா எங்க மச்சான் எங்க உக்காருவாரு? பாக்க வர்றவங்கள நிக்க வச்சா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கக் குடும்பத்தோடு, டிபன் கேரியரோடு போவார்கள். நோயாளிக்குக் கஞ்சிதான் ஆகும் என்பது கேரியருக்குத் தெரியாது.

நான் வேகமாகக் கணக்குப் போட்டேன். பாலிசியில் அறை வாடகை நாளுக்கு மூவாயிரம் வரை. ஷேரிங் அதற்குள் அடங்கும்; டீலக்ஸ் ஆறாயிரம். மூன்று நாள் வித்தியாசம் ஒன்பதாயிரம். கையுறை, பஞ்சு என்று இன்சூரன்ஸ் தராத சில்லறை ஐயாயிரம். "பதினாலாயிரம் பாய்." ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். அவர் எனக்காக துஆ செய்துவிட்டுப் போனார்.

மதியம்தான் பாலிசியின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். எறும்புகள் படிப்பதற்காக அச்சிட்ட பக்கம். வரம்பைத் தாண்டி அறை எடுத்தால் வாடகை மட்டுமல்ல, சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டு. வாடகை இரண்டு மடங்கு என்றால் மற்றதில் பாதிதான் தருவார்கள். அந்த மற்றது எண்பதாயிரம். ஆக, இன்னும் நாற்பதாயிரம் பாய் தலையில்.

மேனேஜரிடம் ஓடினேன்.

"தோராயமாகன்னு குத்தினியா?"

"குத்தினேன் சார்."

"அப்புறம் இன்னா?" டீயை உறிஞ்சினார். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "பேப்பர் இன்னும் இன்சூரன்ஸுக்குப் போகல. நாலு மணிக்குள்ள ஷேரிங்குக்கு மாத்திட்டா தப்பிச்சிக்கலாம்" என்றார்.

மணி மூன்றேகால். செருப்புகளைத் தாண்டி உள்ளே போனேன். சோபாவில் மச்சான் சம்மணம் போட்டிருந்தார். சபியாவின் அண்ணன், பாயோடு அதே டேனரியில் வேலை.

"பாய், கணக்குத் தப்பு. என் தப்புதான். இந்த ரூம்ல இருந்தா கைக்காசு அம்பத்தி நாலாயிரம். மாத்திட்டா அஞ்சாயிரம்."

பாய் மச்சானைப் பார்த்தார். மச்சான் ஃபேனைப் பார்த்தார். "இத்தன பேர் வந்தப்புறம் எப்படிம்மா…" என்று இழுத்தார் பாய்.

கட்டிலிலிருந்து சபியா கேட்டார்: "ஆபரேஷன் எனக்கு. சோபா யாருக்கு?"

பதிலையும் அவரே சொன்னார்:

"எங்கண்ணனுக்குத்தானே? அப்ப மிச்ச நாப்பத்தொம்பதாயிரத்த அவரே கட்டட்டும்."

மச்சான் அடுத்த நொடி எழுந்து செருப்பைத் தேடினார். "ஷேரிங்ல காத்து நல்லா வரும் மாப்ள" என்றார். மூன்றே முக்காலுக்கு ரூம் மாறியது.

டிஸ்சார்ஜ் அன்று கைக்காசு ஐயாயிரத்து அறுநூறு வந்தது. "அறநூறு ஜாஸ்தி ஆயிடுச்சேம்மா?" என்றார் பாய். ஸ்டாம்ப்பைக் காட்டினேன். அதற்கும் ஒரு நாள் பயன் வேண்டாமா?

கடைசிப் பக்கத்தை முதலில் படி என்பது நான் கற்ற பாடம். வயது, நோய் இவற்றோடு 'பார்க்க வருபவர் எத்தனை பேர்?' என்றும் எஸ்டிமேட் படிவத்தில் சேர்க்கச் சொன்னேன். "அப்ப டீலக்ஸ்ல யாரு, நான் படுக்கவா?" என்றார் மேனேஜர்.

அதனால் வரும் சனிக்கிழமை டேனரிக்கே போகிறேன். கேன்டீனில் பாய் எனக்குப் பத்து நிமிடம் வாங்கி வைத்திருக்கிறார். பாலிசியின் அந்தக் கடைசிப் பக்கத்தை அங்கே வேலை செய்பவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட உத்தேசம். முன் வரிசையில் மச்சானுக்கு இப்போதே நாற்காலி போட்டாயிற்றாம்.