மூன்று நாடுகளும் லிங்கசாமியின் கல்நூலும்

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் காலர் ஓட்டும் லிங்கசாமியிடம் ஏதாவது ஒரு காரியம் நடக்குமா என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "பண்ணிப் போடலாமுங்க" என்று சொல்லிவிடுவார். என்ன காரியம் என்பதை அதற்குப் பிறகுதான் விசாரிப்பார். டி-ஷர்ட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி பின்னுகிற மெஷின்களை வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஷெட்டில் தொழில் செய்கிறவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், நல்ல கனத்த சரீரம், ஷெட்டின் ஒரு கோடியிலிருந்து பேசினால் மெஷின் சத்தத்தையும் மீறி மறுகோடியில் கேட்கும் குரல்.

கோயம்புத்தூர் என்ஜினீயரிங் கல்லூரிப் பேராசிரியர் அருள்குமார் ஒருநாள் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். அதற்குமுன் திருப்பூரில் பல யூனிட்டுகளுக்குப் போய், ஊசி உடைந்துபோகும் என்று எல்லாரும் கையை விரித்த பிறகு, கடைசியாகத்தான் இங்கே வந்தார் என்பது லிங்கசாமிக்குத் தெரியாது.

"செக், ஜப்பான், இந்தியா மூணும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி பண்றோமுங்க. அதுக்குத் துணி பின்னித் தரணும்" என்றார் பேராசிரியர்.

"செக் டிசைனுங்களா? பெரிய கட்டமுங்களா, சின்னக் கட்டமுங்களா?"

"கட்டம் இல்லீங்க. செக் குடியரசு. ஐரோப்பாவுல ஒரு நாடு."

"நாடுங்களா! பண்ணிப் போடலாமுங்க."

பேராசிரியர் பையிலிருந்து ஒரு கோன் நூலை எடுத்து மேசைமேல் வைத்தார். பழுத்த புளியங்கொட்டை நிறத்தில் மினுமினுத்தது. எரிமலைப் பாறையை உருக்கி, இழையாக இழுத்த நூல் என்றார். லிங்கசாமி அதைத் தொட்டுப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மனம் பொறுக்காமல் சொன்னார்:

"சேவூர்த் தோட்டத்துல கல்லுப் பொறுக்கிப் பொறுக்கியே எங்கப்பனுக்கு இடுப்பு போச்சுங்க. அதுல நூல் எடுக்கலாம்னு ஒரு மனுசன் சொல்லலீங்களே!"

பேராசிரியர் விவரமாகச் சொன்னார். நூல் செக் நாட்டிலிருந்து வரும். பிசின் ஜப்பானிலிருந்து வரும். இங்கே பின்னுகிற துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசினில் ஊறவைத்து இறுகவிட்டால் இரும்புக்கு நிகராகப் பலம் இருக்கும், எடை மட்டும் இருக்காது. மலைக்கிராமங்களில் நோயாளியை இரண்டே பேர் தூக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒரு ஸ்ட்ரெச்சர் செய்வதுதான் திட்டம். செக் நாட்டில் பனிமலையில் விழுந்தவர்களுக்கு ஆகும், ஜப்பானில் பூகம்பத்துக்கு ஆகும். இந்த மாதிரிப் பொருளுக்கு காம்போசிட் என்று பேர்.

லிங்கசாமி வீட்டுக்குப் போய் மனைவி தெய்வாத்தாளிடம் பெருமையாகச் சொன்னார். தெய்வாத்தாள் புருவத்தைச் சுருக்கினாள். "கம்போஸ்ட்டுங்களா? உரக்குழி தோண்டறக்கு எதுக்குங்க ஜப்பான்காரன்?" அவர் எவ்வளவோ விளக்கினார். ஆனாலும் அடுத்த வாரத்துக்குள் சேவூரிலிருந்து சொந்தக்காரர்கள் இரண்டு பேர், வாழைக்குப் போட ஆளுக்கு நாலு மூட்டை வேண்டும் என்று போன் பண்ணிவிட்டார்கள்.

மெஷின் ஓட்டுகிறவள் ரோஸ்மேரி. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆனதும் திருப்பூருக்கு வந்தவள். கல்நூலை ஓட்டிய முதல் நாளே முழங்கை வரை சொறிந்துகொண்டு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இது நூலுன்னா சொல்லுதிய? செந்தட்டிச் செடியை அரைச்சுக் கோன்ல சுத்தி அனுப்பியிருக்கானுவ."

பேராசிரியர் கையுறையும் முகமூடியும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தார். மெஷினை மெதுவாக ஓட்டச் சொன்னார். ஊசிகள் உடைந்தன, மாற்றினார்கள். ஒருவழியாகத் துணி இறங்கியது. லிங்கசாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியில்லை. கண்ணி கண்ணியாக லூசாக இருந்தது. சரக்கு வாங்குகிற எந்த பையரும் இதை இரண்டாவது முறை பார்க்க மாட்டான். "சார் கேட்ட அளவு இதுதான்" என்றாள் ரோஸ்மேரி. சரி, போகட்டும் என்று விட்டார்.

முதல் பலகை தயாரானதும் கல்லூரிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். லிங்கசாமி வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறோடு போனார். அவருடைய துணி கண்ணாடி மாதிரி பளபளக்கும் பலகையாகியிருந்தது. கையில் வாங்கி முகத்தைக்கூடப் பார்த்துக்கொண்டார். அதை ஒரு இயந்திரத்தில் இரண்டு முட்டுக்கு நடுவே வைத்து மேலிருந்து அமுக்கினார்கள். அமுக்கிக்கொண்டே போனார்கள். படாரென்று உடைந்தது. சுற்றி நின்ற மாணவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

லிங்கசாமிக்கு இது விளங்கவேயில்லை. இத்தனை வருடத் தொழிலில், காலரில் ஒரு ஓட்டை வந்துவிடுமோ என்ற பயத்திலேயே தூங்கி எழுந்தவர். இங்கே துணி உடைந்ததற்குக் கைதட்டுகிறார்கள்.

"உடைக்கறதுக்குத்தாங்க செய்யறதே" என்றார் அருள்குமார். "எவ்வளவு தாங்கி உடையுதுன்னு தெரிஞ்சாத்தான் ஆளைப் படுக்க வைக்க முடியும்."

"அது சரிங்க" என்றார் லிங்கசாமி. மனசுக்குள் சரியில்லை.

மூன்று நாட்டுக்காரர்களும் மாதம் ஒருமுறை வீடியோவில் பேசுவார்கள். லிங்கசாமியும் ஷெட்டிலிருந்து கலந்துகொள்வார். செக் நாட்டு விஞ்ஞானி ஹனா ஒரு இங்கிலீஷ் பேசினாள், ஜப்பானியர் ஓகாவா வேறொரு இங்கிலீஷ் பேசினார், அருள்குமார் பேசியது மூன்றாவது இங்கிலீஷ். லிங்கசாமி மூன்றுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டி, யாராவது நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தால் "எஸ், எஸ்" என்பார். இப்படித்தான் ஒருநாள், அடுத்த கூட்டத்தை எல்லாரும் நேரில் வந்து முதலிபாளையம் ஷெட்டிலேயே நடத்தலாமா, பலகையை அங்கேயே செய்து அங்கேயே உடைத்துப் பார்க்கலாமா என்று ஹனா கேட்டதற்கும் எஸ் சொல்லிவிட்டார். கூட்டம் முடிந்து அருள்குமார் போனில் வாழ்த்துச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது.

ஷெட்டுக்கு வெள்ளையடித்தார். வாசலில் பிளெக்ஸ் வைத்தார். "அகில உலக விஞ்ஞானிகளே வருக வருக" என்று எழுதி, மூலையில் விஞ்ஞானிகள் படத்தைத் தபால்தலை அளவில் போட்டு, நடுவில் கைகூப்பிய லிங்கசாமியை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்த உடைக்கிற விஷயம் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. தன் ஷெட்டில், அக்கம்பக்கத்து முதலாளிகளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன் துணி உடைவதா?

"கண்ணு, கண்ணியை நல்லா டைட்டாக்கி ஓட்டு" என்றார் ரோஸ்மேரியிடம்.

"சார் கொடுத்த அளவு அது இல்லியே அண்ணாச்சி."

"அவரு படிச்ச மனுசன், லூசான துணியைப் பார்த்தே பழகிட்டாரு. நீ ஓட்டு, நான் பாத்துக்கறேன்."

ரோஸ்மேரி ஓட்டினாள். டப்பா நிறைய ஊசி உடைந்தது. இறங்கிய துணி அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. லிங்கசாமி அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். யானையை நிறுத்தினாலும் இனி உடையாது.

விருந்தாளிகள் வந்தார்கள். ஹனா பிளெக்ஸைப் பார்த்ததும் அருள்குமாரிடம், இந்த ஐயா தேர்தலில் நிற்கிறாரா என்று விசாரித்தாள். தெய்வாத்தாள் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு வைத்தாள். ஓகாவா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து நின்று அவளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். "கையக் கழுவீட்டு அப்பறம் கும்பிடுங்க சாமி" என்றாள் அவள்.

சாப்பாட்டுக்குப் பிறகு துணியை அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி, காற்றை உறிஞ்சிப் பிசினை உள்ளே இழுக்கவிட்டார்கள். மறுநாள் காலையில் உறையைப் பிரித்துப் பலகையை எடுத்தார்கள். அருள்குமார் கொண்டுவந்திருந்த சின்ன இயந்திரத்தில் அதை மாட்டினார்கள். பக்கத்து ஷெட் ராசப்பன் உட்பட பேட்டையில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். லிங்கசாமி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்வரிசையில் நின்றார்.

இயந்திரம் அமுக்க ஆரம்பித்தது. பலகை அப்பளம் மாதிரி பொடுக்கென்று இரண்டாகப் போய்விட்டது.

யாரும் கைதட்டவில்லை. அருள்குமார் திரையில் இருந்த எண்ணைப் பார்த்தார், ஹனாவைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார். இதுவரை உடைந்த எந்தப் பலகையும் இவ்வளவு சீக்கிரம் உடைந்ததில்லை.

லிங்கசாமி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். இனி என்ன நடக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். திருப்பூரில் ஒரு சரக்கு ரிஜெக்ட் ஆனால் தையல்காரர் சாயப்பட்டறையைச் சொல்வார், சாயப்பட்டறை நிட்டிங்கைச் சொல்லும், நிட்டிங் நூல்மில்லைச் சொல்லும், மில்காரர் பஞ்சைச் சொல்வார், பஞ்சு வாய் திறக்காது. ஆக, ஜப்பான்காரர் செக் நூலைக் குறை சொல்வார், அந்தம்மா ஜப்பான் பிசினைச் சொல்வாள், சண்டை முற்றும், தன் துணியை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஓகாவா எழுந்து நின்றார். இடுப்பு வரை குனிந்தார். தவறு என்னுடையதுதான், இந்த ஊர் வெயிலுக்குப் பிசினை எப்படி மாற்ற வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை என்றார். அருள்குமார் அதைத் தமிழில் சொன்னார்.

ஹனா வேகமாகத் தலையாட்டினாள். இல்லை இல்லை, நூலுக்குப் பூசிய மேற்பூச்சை நான்தான் போன மாதம் மாற்றினேன், பிழை அங்கேதான் என்றாள்.

"ரெண்டு பேருமே இல்லீங்க, காத்து உறிஞ்சற பம்ப்பை நான்தான் சரியாப் பாக்கலை" என்றார் அருள்குமார்.

மூன்று பேரும் விடவில்லை. ஓகாவா ஊருக்குத் திரும்பிப் பிசினை முதலிலிருந்து செய்கிறேன் என்றார். ஹனா, அதற்கு அவசியமில்லை, நூலைத்தான் மாற்ற வேண்டும் என்று மேசையைத் தட்டினாள். பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள மூன்று நாடுகள் சண்டை போடுவதை லிங்கசாமி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அவர் அறிந்து திருப்பூரில் இப்படி ஒரு சண்டை நடந்ததேயில்லை. நெஞ்சுக்குள் கல்நூல் குத்துவது மாதிரி இருந்தது. ஓரத்தில் நின்ற ரோஸ்மேரி அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்" என்றார். அவருடைய குரலா அது என்று சந்தேகப்படும்படி மெதுவாக வந்தது. "துணியை நான்தாங்க டைட்டாக்கச் சொன்னேன். உடையக் கூடாதுன்னு நல்லதுக்குத்தாங்க பண்ணுனேன்."

அருள்குமாரின் முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மொழிபெயர்த்தார். லிங்கசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

யாரும் திட்டவில்லை. கண்ணைத் திறந்தபோது ஹனா உடைந்த பலகையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓகாவா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். துணி இறுக்கமாக இருந்ததால் பிசின் உள்ளே போகவேயில்லை. மேலே மட்டும் பூசிக்கொண்டு, நடுவில் வறண்டு கிடந்தது. ஹனா நிமிர்ந்து என்னவோ கேட்டாள்.

"போலீஸக் கூப்புடச் சொல்றாங்களாங்க?" என்றார் லிங்கசாமி.

"எவ்வளவு டைட்டுன்னு கேக்கறாங்க" என்றார் அருள்குமார். அவர் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "எந்த இறுக்கத்துல பிசின் நின்னுபோகுதுன்னு நாங்க இன்னும் பாக்கவே இல்ல. கொஞ்சம் டைட்டு, இன்னும் கொஞ்சம் டைட்டுன்னு வரிசையா வேணுமாம். ஆனா ஒண்ணுங்க. இனிமே சொல்லாமப் பண்ணுனீங்கன்னா நானே இந்த மெஷின்ல உங்களை மாட்டிருவேன்."

அதன்பிறகு ஒரு மாதம் ரோஸ்மேரி வேண்டுமென்றே மோசமான துணியை வகைவகையாக ஓட்டிக் கொடுத்தாள். "நல்லா ஓட்டுனப்போ ஒரு பய பாராட்டல" என்று மெஷினோடு பேசிக்கொண்டாள். பிசின் நின்றுபோகிற இறுக்கத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் பேச்சுவாக்கில் "லிங்கசாமி டைட்" என்று பேர் வைத்துவிட்டார்கள். ஜப்பானில் பலகை சொதப்பினால் ஓகாவா, இது லிங்கசாமியாகிவிட்டது என்பாராம். லிங்கசாமி இதை அவிநாசியில் ஒரு கல்யாணத்தில், மண்டபமே கேட்கச் சொன்னார். "ஜப்பான்ல தெனமும் என்ற பேரைச் சொல்றாங்க." பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் இலையைப் பார்த்துக்கொண்டே, "எப்பச் சொல்றாங்கன்னும் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த வருடம் ஸ்ட்ரெச்சர் தயாராகி ஷெட்டுக்கு வந்தது. ஹனாவும் வந்திருந்தாள். மணல்மூட்டை வைத்துத் தூக்கிப் பார்க்கலாம் என்றார் அருள்குமார். லிங்கசாமி சம்மதிக்கவில்லை. மூட்டைக்கு என்ன தெரியும், நானே படுக்கிறேன் என்றார்.

"ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா இதுல போய்ப் படுக்கறீங்களே" என்று தெய்வாத்தாள் தடுத்தாள். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிட்டார். முன்னால் அருள்குமார், பின்னால் ஹனா. தூக்கினார்கள். அவ்வளவு பெரிய மனிதரோடு அது பல்லக்கு மாதிரி சொகுசாகப் போனது. உற்சாகத்தில் ஷெட்டை விட்டு வெளியே வந்து பேட்டை வீதியில் நடந்தார்கள்.

கண்ணை மூடி மல்லாந்து கிடந்த லிங்கசாமியை முதலில் பார்த்தவர் ராசப்பன். "ஐயோ, லிங்கசாமிக்கு என்னமோ ஆயிப்போச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் பின்னால் மூன்று யூனிட் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவர் சோடாவை உடைத்து முகத்தில் ஊற்றினார். ஒடிசாப் பையன் ஒருவன் செருப்பை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினான். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள். லிங்கசாமி எழுந்து உட்கார்ந்து சத்தம் போட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, இது ஆராய்ச்சி!" ஜன்னி கண்டு பேசுகிறார் என்று ராசப்பன் அவரைத் திரும்பவும் படுக்க வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் அதையும் தாங்கியது. ஹனா நடந்துகொண்டே அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லி அருள்குமாரிடம் கத்தினாள்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இறங்கிய இருவரும் விஷயம் தெரிந்ததும் திட்டுவதற்காக வாயைத் திறந்தார்கள். ஒருவர் கோபத்தோடு ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவர், அப்படியே நின்றார். "ஆளோட சேத்தே இவ்வளவுதாங்களா கனம்?" என்றார். மற்றவரைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் லிங்கசாமியைத் தூக்கிக்கொண்டு வீதியின் கடைசி வரை போய் வந்தார்கள்.

தெய்வாத்தாள் எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள். லிங்கசாமி தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரிலிருந்து மட்டும் இறங்கவில்லை.